குறைந்த அழுத்தத்தில் ஓடிய கேஸ்

கேஸ் சம்பந்தமான கம்பெனியில் வேலை செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் சிலிண்டர்தான் ஞாபகம் வரும். "புக் பண்ணி இன்னும் வரலைங்க, கொஞ்சம் சொல்லி விடுங்களேன்" என்பார்கள். எங்கள் கம்பெனிக்கும் சிலிண்டருக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆரம்பத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் "சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறேன். அதற்கு மேல் பேச வாயில் தெம்பு இருப்பதில்லை.

ஓசூர் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் எங்கள் ஷெட் இருக்கிறது. இயற்கை எரிவாயுவில் இருக்கும் ஈரத்தை எடுக்கிற உலர்த்திகளைச் செய்கிறோம். பார்ப்பதற்குப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு இரும்பு டவர்கள். உள்ளே ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள் கழுத்துவரை நிரப்பியிருக்கும். கேஸ் அந்த மணிகளுக்கு இடையில் நுழைந்து போகும்போது, அதிலிருக்கும் ஈரத்தை மணிகள் பிடித்துக்கொள்ளும். ஒரு டவர் ஈரத்தால் நிறைந்ததும் கேஸ் அடுத்த டவருக்கு மாறும். நிறைந்த டவருக்குள் சூடான கேஸை விட்டுக் காய வைப்போம். ஆட்டோக்களுக்கும் பஸ்களுக்கும் கேஸ் நிரப்புகிற பங்க்குகளுக்கு இது அவசியம். ஈரத்தோடு கேஸை அமுக்கினால் குழாய்க்குள் பனிக்கட்டி அடைக்கும், சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்கும்.

கணக்குப் போடுவது என் வேலை. எவ்வளவு கேஸ் வரும், எந்த அழுத்தத்தில் வரும், டவருக்குள் அது எந்த வேகத்தில் ஏறும், அதற்கு டவர் எத்தனை அகலம் இருக்க வேண்டும். வேகம் கூடிப் போனால் கீழிருந்து வருகிற கேஸ் மணிகளைத் தூக்கி ஆட்டும். அவை ஒன்றோடொன்று உரசி மாவாகிவிடும். வேகம் குறைவாக இருக்கட்டும் என்று டவரை அகலமாக்கினால் இரும்பு அதிகம் பிடிக்கும். எங்கள் முதலாளிக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு முறையும் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "இன்னும் கொஞ்சம் ஒல்லியா பண்ண முடியாதாம்மா?" என்று கேட்பார். முடியாது என்பேன். மறுபடியும் போட்டுப் பார் என்பார். மறுபடியும் போட்டால் அதே விடைதான் வரும். கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து இதே நாற்காலியில் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியின் பவர் ஏறியிருக்கிறது, கழுத்து ஒரு பக்கம் திரும்ப மறுக்கிறது. கேஸ் மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

கிருஷ்ணகிரி தாண்டி ஹைவேயில் புதிதாகத் திறந்த ஒரு பங்க்குக்கு நாங்கள் கொடுத்த உலர்த்தியால்தான் அந்த வருஷம் முழுக்க என் தூக்கம் போனது. அந்தப் பக்கம் குழாய் போட்டு கேஸ் வரத் தொடங்கியே அதிக காலம் ஆகவில்லை. புதுக் குழாயைத் தண்ணீர் நிரப்பித்தான் சோதிப்பார்கள். சோதனை முடிந்து எவ்வளவுதான் துடைத்தாலும் உள்ளே ஈரம் தங்கிவிடும். அதனால் அங்கே உலர்த்திக்கு நிஜமாகவே வேலை இருந்தது. ஆனால் பங்க் திறந்து சில வாரங்களிலேயே உலர்த்திக்கு அடுத்திருக்கும் ஃபில்டரில் வெள்ளைப் பொடி வந்து அடைத்துக்கொண்டது. மணிகள் சரியில்லை போல என்று புதிதாக மாற்றிக் கொடுத்தோம். அதுவும் மாவாகிப் பொடியாக வந்தது.

அந்தப் பங்க்கின் இன்சார்ஜ் தினமும் எனக்கு போன் செய்வார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். முன்பு ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவர். அங்கே சீசன் வேலைதான் என்பதால், வருஷம் முழுக்க வேலை இருக்கிற இடம் வேண்டும் என்று பங்க்குக்கு வந்திருந்தார். முதல் போன்களில் குரல் சாதாரணமாக இருந்தது. போகப் போகத் தணிந்துகொண்டே வந்தது.

"மேடம், இன்னிக்கும் ஃபில்டர் அடைச்சுக்கிச்சு. கழட்டி ஊதி மாட்டியிருக்கேன்."

"மீட்டர்ல ஃப்ளோ எவ்ளோ காட்டுது பாய்?"

"நீங்க தகட்டுல அடிச்சுக் குடுத்தீங்களே, அதுக்குள்ளதான் போயிக்கினு இருக்கு. தாண்ட விடல மேடம். வெளிய ஆட்டோக்காரங்க வரிசையில நின்னு கத்தறாங்க. அப்பவும் தாண்ட விடல."

ஓட்டம், டவரில் நாங்கள் பதித்த தகட்டில் உள்ள அளவுக்குள்தான் இருக்கிறது என்றால் வேகமும் சரியாகத்தான் இருக்க வேண்டும். வேகம் சரியென்றால் மணிகள் ஏன் மாவாகின்றன? கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். தப்பு எதுவும் தெரியவில்லை.

முதலாளிக்கு அந்தப் புதிரில் அக்கறை இல்லை. மணிகளை மறுபடியும் மாற்றிக் கொடுக்க வேண்டுமே என்பதுதான் அவருடைய கவலை. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடும்மா. ஆபரேட்டர் வால்வைச் சட்டுனு திறந்திருக்கான், கேஸ் அடிச்சுத் தூக்கி மணி உடைஞ்சுபோச்சுன்னு."

"அவர் சட்டுனுதான் திறந்தாருன்னு நமக்குத் தெரியாதே சார்."

"வேற எப்படி உடையும்? நீதானே கணக்கு சரின்னு சொல்றே."

 போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். வெளியூர் வேலையென்றால் தட்டிக்கழிக்கிற ஆள் நான். நானே போகிறேன் என்று சொன்னதும் அவருக்கு ஆச்சரியம். சரி என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினேன். என் கணவர் வண்டி ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். நான் கிளம்பும்போது அவர் வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். பல வருஷமாக நாங்கள் இப்படி வாசல் கேட்டருகில்தான் அதிகம் பேசியிருக்கிறோம். எங்கே என்று கேட்டார், சொன்னேன். "வெயில்ல நிக்காதே" என்றார். சூளகிரி வருவதற்குள் கண் சொருகியது. விழித்துப் பார்த்தபோது பஸ் சுங்கச்சாவடி வரிசையில் நின்றுகொண்டிருந்தது. முன்னால் பூ லாரி, பின்னால் கன்டெய்னர். ஜன்னல் வழியே சூடான காற்று முகத்தில் அடித்தது.

பங்க்கில் பாய் எனக்காகக் காத்திருந்தார். போனில் கேட்ட குரலுக்கு நான் உயரமான ஒருவரைக் கற்பனை செய்திருந்தேன். மெலிந்த, நெற்றியில் தொழுகைத் தழும்பு ஏறிய மனிதர். யூனிஃபார்ம் சட்டை தோளில் தொங்கியது. தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தார். பின்னாலேயே மடித்த ஒரு காகிதத்தையும் கொடுத்தார்.

"மெமோ குடுத்திருக்காங்க மேடம். இயந்திரத்தக் கவனிக்கத் தெரியல, வால்வச் சட்டுனு திறக்கறேன்னு எழுதியிருக்கு. நான் பாய்லர் பாத்தவன். எனக்கு வால்வு திறக்கத் தெரியாதா?"

 என் முதலாளி எழுதச் சொன்னதும் அதேதான் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உலர்த்தியைக் காட்டச் சொன்னேன்.

டவரைத் திறக்கும் முன் அதைச் சுற்றி வந்து பார்ப்பது என் வழக்கம். உள்ளே வரும் குழாயில் மாட்டியிருந்த அழுத்தமானியைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். எங்களுக்குக் கொடுத்திருந்த விவரத்தில் எழுதியிருந்த அழுத்தத்தில் பாதிக்கும் கீழே முள் நின்றது.

"இது கெட்டுப்போச்சா பாய்?"

"இல்ல மேடம், புதுசு. ஆரம்பத்துல இருந்தே இவ்ளோதான் வருது. மேல சொன்னேன். லைன்ல இன்னும் ஆளுங்க சேரணும், அப்பறம்தான் அழுத்தத்த ஏத்துவோம்னாங்க."

பக்கத்தில் கம்ப்ரசர் அறையில் இரண்டு கம்ப்ரசர்களும் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒன்று ஓட வேண்டும், இன்னொன்று ஆபத்துக்கு உதவ சும்மா நிற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

"ரெண்டும் ஏன் ஓடுது?"

"ஒண்ணுல வேகம் பத்தல. வரிசை ரோடு வரைக்கும் போயிடுது. ஹெட் ஆபீஸ்ல போன்ல சொன்னாங்க, ரெண்டையும் ஓட்டுன்னு. அப்பவும் மீட்டர் தகட்டளவுக்குள்ளதான் மேடம் நிக்குது. நான் பாத்துக்கினேதான் இருக்கேன்."

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சந்தோஷம் எதுவும் வரவில்லை. முதுகில் இருந்து என்னவோ இறங்கினது போலத்தான் இருந்தது. நிழலாக இருந்த ஒரு திண்டில் உட்கார்ந்தேன். பையிலிருந்து பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். வேகம் நான் முதலில் கணக்கிட்டதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. அந்த வேகத்தில் மணிகள் சும்மா உட்கார்ந்திருக்காது.

பாய் பக்கத்தில் நின்று பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம்?"

"மெத்தைக்கு இலவம்பஞ்சு வாங்கியிருக்கீங்களா பாய்? அமுக்கிக் கட்டினா ஒரு மூட்டை. அவுத்து விட்டா ரூம் பூரா வரும். எடை அதேதான். இந்த மீட்டர் எடை பாக்கற மாதிரி. எடை சரியா இருக்குன்னு காட்டுது. ஆனா அழுத்தம் பாதியா இருக்கறதால கேஸ் உப்பிக்கினு வருது. அதே எடையை இழுக்கத்தான் ரெண்டு கம்ப்ரசர் தேவைப்படுது. இந்த டவருக்குள்ள ரெண்டு மடங்கு இடம் பிடிக்கிற கேஸ் நுழையுது. வேகமாப் போனாத்தானே அது போய்ச் சேர முடியும்?"

அவர் கொஞ்ச நேரம் டவரையே பார்த்தார்.

"அப்ப நான் வால்வ சட்டுனு திறக்கலையா?"

"நீங்க மெதுவாத் திறந்தாலும் இது மாவாகத்தான் போகும் பாய்."

தலையில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார். வீட்டில் அவர் மனைவி, கை நடுங்குகிறதா, கண் சரியாகத் தெரியவில்லையா, டாக்டரிடம் போகலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். தனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது என்றார். வால்வில் கை வைக்கும்போதெல்லாம் மனசுக்குள் பிஸ்மில்லா சொல்லி, எண்ணி எண்ணித் திறந்தேன் என்றார். "அப்பவும் உடைஞ்சுது. எனக்கு வயசாயிடுச்சோன்னு நெனச்சேன் மேடம்."

திரும்பி வரும் வழியெல்லாம் கணக்கு சரியாக வந்ததில் ஒரு நிம்மதி இருந்திருக்க வேண்டும். ஆனால் ஓசூரில் இறங்கியதும் இனி நடக்கப்போவதை நினைத்து அலுப்புத்தான் வந்தது.

முதலாளி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். என் அம்மா இறந்தபோது எங்கள் ஊரான கல்லாவி வரை வந்து கடைசிவரை நின்றவர். கேட்டு முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்போ நம்ம மேல தப்பில்ல."

"இல்ல சார். அவங்க குடுத்த அழுத்தம் தப்பு."

"அதை எழுதினா யாருக்குப் போகும்? அந்த விவரத்தைக் குடுத்தவனுக்குத்தான் போகும். இந்தப் பக்கம் வரப்போற அத்தனை பங்க்குக்கும் விவரம் குடுக்கப்போறவன் அவன்தான். அவன் நம்ம பேரையே அடிச்சுடுவான்." கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். "ஏன் மாடோதம்மா? என்ன செய்யச் சொல்றே? ஆபரேட்டர்னு எழுதினா அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. அவனை வேற இடத்துக்கு மாத்துவாங்க. அவ்ளோதான்."

"அவர் கை நடுங்குதான்னு வீட்டுல கேக்கறாங்க சார்."

"யார் வீட்டுல?"

"பாய் வீட்டுல."

அவர் மேஜை மேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

என் இடத்தில் உட்கார்ந்து அவர் கேட்டபடியே எழுத முயன்றேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நான் வீரமான ஆள் கிடையாது. வால்வைச் சட்டென்று திறந்தால் மணி உடையும் என்று எழுத, அதற்கும் ஒரு கணக்குக் காட்ட வேண்டும். வால்வு எத்தனை விநாடியில் திறந்தது, அந்த நேரத்தில் வேகம் எவ்வளவு ஏறியது என்று இல்லாத ஒன்றைக் கற்பனை செய்து போட வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டால் அதை நிலைநிறுத்த இன்னொரு கணக்கு. பாதி பக்கம் வந்ததும் எனக்கு மலைப்பாகிவிட்டது. உண்மையான கணக்கு என் பையில் முடித்த நிலையில் கிடந்தது. அதை எழுதுவதற்கு மறுபடியும் யோசிக்கவே தேவையில்லை.

கணவருக்கு போன் செய்தேன். அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எதை எழுதினா நீ வந்து தூங்குவே?" என்று கேட்டார்.

"ரெண்டையும் எழுதாம விட்டாத்தான் தூங்குவேன்."

"அது முடியாதில்ல. இருக்கறத எழுதிக் குடுத்துட்டு வா."

எழுதினேன். அழுத்தம் என்ன சொல்லப்பட்டது, என்ன இருக்கிறது, அதனால் வேகம் என்ன ஆனது. ஆபரேட்டர் மீட்டரைத் தகட்டில் உள்ள அளவுக்குள் வைத்திருந்தார், அவர் செய்தது சரி என்று ஒரு வரி தனியாகச் சேர்த்தேன். முதலாளி படித்தார். அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார். எடுக்க மாட்டேன் என்றேன். கத்திச் சொல்லத் தெம்பில்லாமல் மெதுவாகத்தான் சொன்னேன். அவர் என்னையும் ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமலே மேஜையில் போட்டார்.

அடுத்த வாரம் கம்ப்யூட்டரில் ஒரு மீட்டிங். அந்தப் பக்கம் நிறைய முகங்கள், பாதிப் பேர் கேமராவை அணைத்திருந்தார்கள். விவரம் கொடுத்த ஆலோசகர், அழுத்தம் போகப் போக ஏறும் என்றார். ஏறும்வரைக்கும் என்ன செய்வது என்று கேட்டேன். ஒரு கம்ப்ரசரை மட்டும் ஓட்ட வேண்டும், அதைத் தவிர வழியில்லை என்று நானே சொன்னேன். பங்க்கின் வியாபாரம் பாதியாகிவிடும் என்று ஒருவர் சத்தம் போட்டார். மணிகளை மாதாமாதம் மாற்றினாலும் வியாபாரம் நிற்கத்தான் செய்யும் என்றேன்.  ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமுக்கு அர்த்தம் ஒப்புக்கொண்டோம் என்பது எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பங்க்கில் ஒரு கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லி உத்தரவு போயிருந்தது.

பாய் போன் செய்தார். மெமோவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்களாம். ஆனால் அவரை வேப்பனப்பள்ளிப் பக்கம் திறக்கப்போகும் இன்னொரு பங்க்குக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும்.

"தண்டனையா பாய்?"

"தெரியல மேடம். தண்டனைன்னு யாரும் சொல்லல. போன்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, "வேலை இருக்குது இல்ல" என்றார்.

முதலாளி சொன்னதும் பலித்தது. அந்தப் பங்க் கம்பெனியிலிருந்து அடுத்த உலர்த்திக்கு விலை கேட்டு எங்களுக்கு எதுவும் வரவில்லை. அவர் அதை என்னிடம் சொல்லிக்காட்டவில்லை. சில வாரம் என் மேஜைப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான். பிறகு வேறொரு ஊரின் வேலை வந்தது. வந்து நின்று, கொஞ்சம் ஒல்லியாகப் பண்ண முடியாதா என்று கேட்டார். மிகக் குறைந்த அழுத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக் கொடுங்கள், பிறகு பார்க்கிறேன் என்றேன். முனகிக்கொண்டே போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

கிருஷ்ணகிரி பங்க்கில் கடைசியாக மணிகளை மாற்றுகிற நாளில் நான் போயிருந்தேன். பாய் புது இடத்துக்குப் போகும் முன் நடந்தது அது; அன்றுவரை அவர் அங்கேதான் இருந்தார். டவரின் அடிமூடியைத் திறந்ததும் பழைய மணிகள் கொட்டின. பாதி மணி, பாதி மாவு. மூக்கில் துணி கட்டியிருந்தும் எல்லோரும் இருமினோம். புது மணிகளின் டிரம்மை உடைத்துவிட்டால் சீக்கிரம் நிரப்பிவிட வேண்டும். இல்லையென்றால் அவை காற்றிலிருக்கும் ஈரத்தையே குடிக்க ஆரம்பித்துவிடும். நாங்கள் உடைத்த நேரம் பார்த்து மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. பாய் ஒரு தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் தாங்களாகவே வந்து மறுமுனையைப் பிடித்தார்கள். முதல் தூறல் விழும்போது டவரின் வாய் மூடியாகிவிட்டது. என் கையில் ஒட்டியிருந்த சில மணிகள் மழைத்துளியைக் குடித்துச் சுரீரென்று சூடாயின. பாயின் உள்ளங்கையிலும் இரண்டு வைத்தேன். "சுடுதே" என்று கையை உதறிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஒரு கம்ப்ரசரை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். ஃபில்டர் சுத்தமாக இருந்தது. ஈரமானி காட்டிய அளவைப் பார்த்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்தேன். வெளியே ஆட்டோ வரிசை ரோடு வரைக்கும் நீண்டிருந்தது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. பாய் டீ வாங்கி வரச் சொன்னார். அவரிடம் பேச நிறைய இருந்தது போல இருந்தது. இரண்டு பேரும் டீயை மட்டும் குடித்தோம். கிளம்பும்போது, "உடம்பப் பாத்துக்கங்க மேடம், கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு" என்றார். நீங்களும் என்றேன்.

சாயங்காலம் பெங்களூர் போகும் கர்நாடக பஸ் ஒன்று வந்து நின்றது. ஓசூருக்கு டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தலை கம்பியில் சாய்ந்ததுதான் தெரியும். யாரோ தோளருகில் இருக்கையைத் தட்டினார்கள். கண்டக்டர். "மேடம், அத்திபெலெ பந்து. எல்லி இளீபேகு நீவு?" எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். வெளியே கடைப் பலகைகள் எல்லாம் கன்னடத்தில் இருந்தன. நான் எல்லையைத் தாண்டி வந்துவிட்டிருந்தேன். "ஓசூர்" என்றேன். அவர் தலையிலடித்துக்கொண்டு, பிறகு என் முகத்தைப் பார்த்து, விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார்.

இறங்கி ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றேன். ஓசூர் பஸ் வர நேரமாயிற்று. முடியில், காதில், செருப்பிடுக்கில் எல்லாம் வெள்ளை மாவு. பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மில்லில் வேலையா என்று கன்னடத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன்.